துளையின் வாய் ஏன் விரிகிறது? ஹோனிங் கேள்வி-பதில்

ஹைட்ராலிக் சிலிண்டர் டியூப் ஹோனிங் (துளையின் உட்சுவரைக் கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது) செய்கிறோம். இரண்டு முனையும் நடுப்பகுதியைவிட 15 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாகிவிடுகிறது. கல்லை மாற்றியும் சரியாகவில்லை சார். (ஜாப் ஒர்க் பட்டறை, ஓசூர்)

கல்லில் குற்றமில்லை, ஸ்ட்ரோக்கை, அதாவது கல் மேலும் கீழும் ஓடும் தூரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் கல்லின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்தால் போதும். பாதி வரை வந்தால், உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சக் கல் மேல் அழுத்தம் முழுக்க இறங்கி வாயை அரித்துவிடும். ஸ்ட்ரோக்கை ரொம்பக் குறைத்தாலோ நடுப்பகுதி பீப்பாய் மாதிரி ஆகிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் போர் கேஜ் (துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள்.

அளப்பதற்கு முன் டியூப் ஆறட்டும். 100 மி.மீ. எஃகுத் துளை 10 டிகிரி சூடேறினாலே சுமார் 11 மைக்ரான் விரியும். ஓசூர்க் காலைக் குளிரில் ஜீரோ செய்த கேஜை மதியம் அப்படியே நம்ப வேண்டாம். மாஸ்டர் ரிங்கில் (சரியான அளவு தெரிந்த வளையம்) மறுபடி ஜீரோ செய்யுங்கள்.

லைனர் (இன்ஜினில் பிஸ்டன் ஓடும் உருளை) கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருந்தால் நல்லதுதானே? ஹோனிங்கில் விழும் குறுக்குக் கோடு எதற்கு? (டிராக்டர் மெக்கானிக், தர்மபுரி)

ஆயில் தங்குவதே அந்தக் கோடுகளில்தான் அண்ணா. வழவழவென்று விட்டால் புது பிஸ்டன் ரிங் செட் ஆகாது. ஆயில் எரிந்து நீலப்புகை வரும். கோடுகள் ஒன்றையொன்று 45 டிகிரி அளவில் வெட்டினால் பெரும்பாலான லைனருக்குச் சரி. சுற்று வேகம் அப்படியே இருக்க, மேலும் கீழும் ஓடும் வேகத்தைக் கூட்டினால் கோடு செங்குத்தாகும்.

அப்புறம், கழுவுவது. தொழிலுக்கு வந்த புதிதில் டீசலில் மட்டும் துடைத்து மாட்டினேன். கோடுகளில் தங்கிய கல்தூள் ரிங்கைத் தின்றுவிட்டது. அந்த விவசாயிக்கு உழவு நேரத்தில் வண்டி நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. சுடுதண்ணீர், சோப்புத்தூள், பிரஷ் போட்டுத் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து, கறை படியாமல் போகும் வரை விடாதீர்கள். ஈரம் போனதும் ஆயில் தடவுங்கள், இல்லையென்றால் துரு பிடிக்கும்.

துளை இடம் தவறி விழுந்துவிட்டது. ஹோனிங்கில் நேராக்கலாமா? (ஐடிஐ மாணவி, பாலக்கோடு)

முடியாதம்மா. ஹோனிங் டூல் இருக்கிற துளையின் வழியே போகும். இடத்தைத் திருத்த போரிங்தான் (வெட்டுக்கருவியால் துளையைக் கடைந்து பெரிதாக்குவது) வழி. துளையைப் பெரிதாக்க இடமிருந்தால் அதைச் செய்துவிட்டு, ஹோனிங்குக்கு 0.05 மி.மீ. போல மிச்சம் வையுங்கள்.

ஹார்டனிங் செய்த (கடினப்படுத்திய) பாகத்தில் கல் வெட்டாமல் வழுக்குகிறது. (கிருஷ்ணகிரி)

கல்லில் வெட்டும் மணிகளை இறுக்கி வைத்திருக்கும் பிடிப்பு அதிகம். மழுங்கிய மணிகள் உதிர்ந்தால்தான் புது மணி வெளியே வரும். ஒரு கிரேடு மிருதுவான கல் போடுங்கள்.