தாழ்வாரத்துச் செம்பருத்தியில் புதுக் கலப்பினம்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் சிவப்பு, மஞ்சள் செம்பருத்திகளும், இதழ்கள் கிழிந்து தலைகீழாகத் தொங்கும் செம்பருத்தி ஒன்றும், பாலைவன ரோஜாவும் வளர்க்கிறேன். செம்பருத்தி மகரந்தத்தைப் பாலைவன ரோஜாவில் பலமுறை தடவியும் காய் பிடிக்கவில்லை. சிவப்பின் மகரந்தத்தை மஞ்சளில் தடவியபோது காய் வந்து, சில நாள்களில் உதிர்ந்துவிட்டது. வீட்டிலேயே புதுப் பூவை உருவாக்க முடியுமா? (வாசகி, ஈசூன்)

பதில்: தாராளமாக முடியும் அம்மா. ஆனால் பாலைவன ரோஜாவை இதில் சேர்க்காதீர்கள். அது அரளியின் குடும்பம். செம்பருத்தியோ பருத்தி, வெண்டைக்காயின் குடும்பம். இவ்வளவு தூரத்து மகரந்தம், பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடியில் ஒட்டினாலும் விதை உண்டாகாது.

வெவ்வேறு இனங்களைக் கலக்க வேண்டுமானால் ஒரே பேரினத்துக்குள் (நெருங்கிய இனங்களின் தொகுதிக்குள்) தேடுவதே நல்லது. அந்த ஜோடி உங்களிடமே இருக்கிறது. தொங்கும் செம்பருத்தி கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த தனி இனம். நம் சாதாரணச் செம்பருத்தியோடு அது கலக்கும். தோட்டங்களில் அப்படிப் பிறந்த செடிகள் உண்டு. நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற ஆர்க்கிட்டும் இரண்டு இனங்களின் கலப்புதான். ஆக்னஸ் ஜோக்கிமிடமிருந்து வந்த அந்தப் பூவை 1893இல் உலகுக்கு அறிவித்த தாவரவியலாளர் ஹென்றி ரிட்லி, அதன் பெற்றோர் இரண்டும் சிங்கப்பூரின் ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் வளர்ந்தவை என்று எழுதினார். அரிய செடிகளைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை.

ஆனால் ஆர்க்கிட்டில் தொடங்காதீர்கள். அதன் தூசி போன்ற விதையில் சேமித்த உணவு கிடையாது. கண்ணாடிக் குடுவையில், சத்துக் கலந்த அகர் கூழில் முளைக்கவைக்க வேண்டும். பூமலையில் (சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில்) தாவரவியலாளர் ஹால்டம் 1928இல் தொடங்கிய ஆர்க்கிட் கலப்பினப் பணி அந்த முறையில்தான் நடந்தது. செம்பருத்திக்குச் சாதாரணத் தொட்டியே போதும்.

உங்கள் காய் உதிர்ந்ததற்குப் பெரும்பாலும் வெயிலே காரணம். பகலில் 31, 32 பாகை தொடும்போது செம்பருத்தி மகரந்தம் வீரியம் குறையும். பிடித்த பிஞ்சும் நிற்காது. டிசம்பர், ஜனவரிதான் நமக்குச் சற்றுக் குளிர்ச்சியான மாதங்கள். அப்போது செய்யுங்கள். மழைச்சாரல் பட்டால் மகரந்தம் வீணாகும் என்பதால், கூரையுள்ள தாழ்வாரம் இங்கே உங்களுக்குச் சாதகம்.

காயைத் தொடங்கிக் காட்டிய மஞ்சளையே தாயாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய சிவப்பு வகைகள் பல காயே பிடிக்காது. அவற்றைத் தந்தையாக்கிப் பார்க்கலாம். முதலில் தொங்கும் செம்பருத்தியின் மகரந்தத்தை மஞ்சளில் வையுங்கள். பலிக்காவிட்டால் தாய் தந்தையை மாற்றிச் செய்யுங்கள். ஒரு திசையில் கூடாதது மறுதிசையில் கூடுவதுண்டு.

மறுநாள் விரியப்போகும் மஞ்சள் மொட்டை மாலையில் மெல்லப் பிரித்து, நடுத்தண்டைச் சுற்றியுள்ள மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, மெல்லிய வலைத்துணியால் மூடுங்கள். சூல்முடி மகரந்தப் பைகளுக்கு மேலே தள்ளி நிற்பதால் பலர் இதைச் செய்வதில்லை. நான் செய்யச் சொல்வேன். இல்லையென்றால் விதை யாருடையது என்று பிறகு சந்தேகம் வரும். காலை ஒன்பது மணிவாக்கில் தந்தைப் பூவைப் பறித்து வந்து, தண்டின் நுனியில் ஐந்தாகப் பிரிந்திருக்கும் சிறு குமிழ்களிலும் மஞ்சள் துகள் கண்ணுக்குத் தெரியும்வரை தடவுங்கள். உடனே காம்பில் அட்டை கட்டி, தாய், தந்தை, தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். மை மழையில் கரைந்துவிடும். எழுதாத காயை நான் காயாகவே மதிப்பதில்லை.

பூ வாடி உதிர்ந்த பிறகும் அடியிலுள்ள பச்சைக் கிண்ணம் உப்பிக்கொண்டே வந்தால் கூடிவிட்டது என்று பொருள். அதன்பிறகு தொட்டியை இடம் மாற்றாதீர்கள். மண் ஒருநாள்கூடக் காயக்கூடாது. அதற்காகத் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். காய் முற்ற ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். பழுப்பாகி வெடிக்கும் முன் சிறு வலைப்பையைக் கட்டிவிடுங்கள், இல்லையேல் விதை சிதறிவிடும்.

விதைத்தோலை நகவெட்டியால் இலேசாகக் கீறி, ஓரிரவு ஊறவைத்து, தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் (எடை குறைந்த வெண்ணிறக் கல்துகள்) கலந்து விதையுங்கள். ஓரிரு வாரத்தில் முளைக்கும். பூ வர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.

ஒரே காயின் விதைகளும் ஒன்றுபோல் பூக்காது. நிறம், இதழ்க் கிழிசல், தொங்கும் விதம் எல்லாம் செடிக்குச் செடி மாறும். அதனால் மெலிந்த நாற்றையும் பிடுங்கி எறியாதீர்கள். முதல் பூவை வைத்தும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அடுத்தடுத்த பூக்களில்தான் உண்மையான உருவம் தெரியும். பிடித்த செடியைக் குச்சி வெட்டி நட்டே பெருக்குங்கள். அதன் விதையிலிருந்து அதே பூ திரும்ப வராது.