கேதார்நாத், பத்ரிநாத் போக டூர் குழுவில் சேர வேண்டுமா? சேருங்கள் என்கிறேன்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அம்மா அப்பா இருவருக்கும் 65 தாண்டிவிட்டது, கேதார்நாத்தும் பத்ரிநாத்தும் பார்க்க ஆசைப்படுகிறார்கள், நீங்கள் எப்போதும் சொந்தமாக டிக்கெட் போட்டே ஊர் சுற்றுகிறவர், குழுவில் சேர்ந்தால் அவர்கள் இழுத்த இழுப்புக்குப் போக வேண்டியிருக்குமோ என்று யோசிக்கிறீர்கள். ஹிந்தி தெரியுமா என்று எழுதவில்லை, தெரியாது என்றே எடுத்துக்கொள்கிறேன். கூடத் துணைக்கு வர அண்ணன் தம்பி யாரும் இல்லை என்றும் தோன்றுகிறது.

சேருங்கள். மற்ற ஊர்களுக்கு எப்படியோ, இதற்குச் சேருங்கள்.

எனக்கு எந்த டூர் கம்பெனியோடும் சம்பந்தம் கிடையாது. நானும் சொந்தமாகப் போகிற ஆள்தான். அம்மாவைக் காசிக்கு நானே அழைத்துப் போனேன், அதற்கு ஒரு குழுவும் தேவைப்படவில்லை. ஹனுமான் காட், கேதார் காட் பக்கம் போய்விட்டால் தமிழ் பேசும் வாத்தியார்கள் இருக்கிறார்கள், நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கிறது, நகரத்தார் சத்திரம் இருக்கிறது, பாரதி இளமையில் தங்கியிருந்த வீடுகூட அங்கேதான். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் அன்று அறையிலேயே இருந்துவிடலாம், விஸ்வநாதர் நாளைக்கும் அங்கேதான் இருப்பார். குழுவோடு போயிருந்தால் விசாலாட்சி, அன்னபூரணி, காலபைரவர் என்று ஒரே காலையில் ஓட வைத்திருப்பார்கள்.

கேதார்நாத் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொன்றும் இன்னொன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறது. யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம். உங்கள் வண்டி சோன்பிரயாக்கோடு நின்றுவிடும், அங்கிருந்து கௌரிகுண்டுக்கு 5 கிலோமீட்டர் அவர்களுடைய ஜீப்பில்தான் போக வேண்டும், அதற்கு விடியற்காலையிலேயே வரிசை. அப்புறம் 16 கிலோமீட்டர் மலையேற்றம், நடந்தோ குதிரையிலோ டோலியிலோ. ஹெலிகாப்டர் டிக்கெட் ஐஆர்சிடிசி தளத்தில் திறந்ததுமே தீர்ந்துவிடுகிறது, கிடைத்தாலும் மேகம் இறங்கினால் பறக்காது. கோயில் இருப்பது 3,580 மீட்டர் உயரத்தில், பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே மூச்சு வாங்கும். இரவில் மலைப்பாதையில் வண்டி ஓட்ட அனுமதி இல்லை என்பதால் பகலில் தாமதமானால் அன்றைய திட்டம் முழுவதும் போச்சு, மறுநாள் போட்டிருந்த அறையும் போச்சு. இதையெல்லாம் ஒரே ஆள் போனில் பேசிப் பேசிச் சரிசெய்துகொண்டே போகலாம்தான், முடியாதது இல்லை. ஆனால் அப்போது நீங்கள் அம்மா அப்பாவோடு இருக்க மாட்டீர்கள், டிரைவரோடும் ஹோட்டல்காரரோடும்தான் இருப்பீர்கள். நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான்.

எங்கள் வீட்டில் இதற்கே பெரிய வாக்குவாதம். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். "எதுக்குக் கூட்டத்தோட போகணும், நான் பணம் அனுப்பறேன், தனிக் கார் வெச்சுக்கோ" என்றார். பணம் அனுப்பவும் செய்தார், அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கார் வைத்தால் அந்தக் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டியவள் நான். சொல்ல வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன், உள்ளூரில் இருக்கிற பிள்ளைதான் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறது, பேங்குக்குப் போய் ஆயுள் சான்றிதழ் கொடுக்கிறது, ராத்திரி பதினொரு மணிக்கு மாத்திரை தேடிப் போகிறது. அதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. அப்பாவின் கண் ஆபரேஷனை எங்கே செய்வது என்று நான் முடிவெடுத்ததற்கு இன்றுவரை எனக்குக் கேள்வி வருகிறது, தூரத்தில் இருப்பவர்கள் சொல்வது மட்டும் யோசனை, நான் செய்வது வெறும் கடமை. பெண் பிள்ளையாக இருந்துவிட்டால் இது இரண்டு மடங்கு. சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நாங்கள் சேர்ந்தது தமிழ்நாட்டிலிருந்து சமையல் ஆட்களோடு கிளம்பும் ஒரு சின்ன யாத்திரைக் குழு. பெயர் சொல்லப் போவதில்லை, சொன்னால் விளம்பரம் என்பீர்கள். தேவப்பிரயாகையில் வண்டியை நிறுத்தியபோது, அலக்நந்தாவும் பாகீரதியும் சேருகிற இடத்தில் கூட வந்த ஒரு பெரியவர் பெரியாழ்வார் பாசுரத்தை ஆரம்பித்தார், கண்டமென்னும் கடிநகர் என்று ஆழ்வார் பாடியது அந்த ஊரைத்தான். அம்மா இரண்டாவது வரியிலேயே சேர்ந்துகொண்டார். அம்மாவுக்கு அவ்வளவு பாசுரம் மனப்பாடமாகத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கேதார்நாத்தில் இன்னொரு குடும்பம் சம்பந்தரின் தேவாரம் பாடினார்கள். தனிக் காரில் போயிருந்தால் இதெல்லாம் எங்களுக்கு எங்கே கிடைத்திருக்கும்?

பத்ரிநாத்திலிருந்து திரும்பும்போது ஜோஷிமட்டைத் தாண்டி மலைச்சரிவில் பாறை விழுந்து பாதை அடைபட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். டூர் மேனேஜர் ஒரு இளம் பையன், அம்மாவிடம் வந்து "அம்மா, நீங்க கவலைப்படாதீங்க, இன்னைக்கு பீபல்கோட்டியிலயே தங்கிடலாம், பேசிட்டேன்" என்றார். அன்று கட்வாலில் இருக்கும் ஸ்ரீநகர் வரை போயிருக்க வேண்டியது. சமையல்காரர் சாலையோரத்தில் அடுப்பை இறக்கி ரவை உப்புமா கிளறினார், பக்கத்து வண்டிக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். நான் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் கையில் போன்கூட இல்லை. வேறு யாரோ அந்தக் கவலையைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்காகவே நான் கொடுத்த பணம் தகும்.

"நான் எழுபது வயது அப்பாவை நானே அழைத்துப் போனேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது எழுதுவீர்கள். சந்தோஷம். உங்களுக்கு ஹிந்தி வரும், அப்பாவுக்கு முட்டி நன்றாக இருந்திருக்கும், மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இருந்திருப்பார். அப்படி இருக்கிறவர்கள் தாராளமாகத் தனியே போகட்டும். குழுவில் போகிறவர்களை ஆட்டு மந்தை என்று எழுதுகிறவர்களிடம் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு மலைக்கும் போகாமல் அப்படி எழுதக் கூடாது.

குழுவில் கஷ்டமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். காலை நான்கு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். ஒருவர் தாமதமானால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். தனியாக அறை வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம். முக்கியமாக, கௌரிகுண்டுக்கு மேலே பெரும்பாலும் அவரவர் பாடுதான், டோலி, குதிரைக் கூலி பேக்கேஜில் சேராது. அதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். மொத்தம் எத்தனை பேர் வருகிறார்கள், கேதார்நாத்தில் இரவு தங்க வைப்பார்களா அல்லது அன்றே இறக்கிவிடுவார்களா, தங்கும் இடங்களில் கீழ்த்தள அறை கிடைக்குமா, பாதை அடைபட்டால் சமாளிக்க ஒரு நாளாவது உபரியாக வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்த உபரி நாள் இல்லாத குழுவில் சேராதீர்கள், எவ்வளவு குறைந்த கட்டணம் என்றாலும். எங்களுக்கு டெல்லி ரயில் தவறாமல் இருந்தது அந்த ஒரு நாளால்தான்.

மே, ஜூனில் கூட்டம் தாங்காது, ஜூலை, ஆகஸ்டில் மழையும் மண்சரிவும். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரை பாருங்கள், குளிர் இருக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். கிளம்பும் முன் இருவரையும் டாக்டரிடம் காட்டி, அந்த உயரத்துக்குப் போகலாமா என்று கேட்டுவிடுங்கள். கேதார்நாத் வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் பத்ரிநாத் மட்டும் போய் வாருங்கள், அங்கே கோயில் பக்கம் வரை வண்டி போகும்.