காகிதப்பூச் செடியில் இலை மட்டும்தான் வருகிறதா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘மிஸஸ் பட்’ என்ற கருஞ்சிவப்புக் காகிதப்பூச் செடி வாங்கினேன். அன்று கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. இப்போது ஆளுயரத்துக்கு இலைதான். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், மாதம் இருமுறை யூரியா இடுகிறேன். விதையும் பிடிக்கவில்லை. பெரிய தொட்டிக்கு மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். யூரியாவையும் இன்றோடு நிறுத்துங்கள்.

ஒரு கிளையை அருகில் இழுத்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். கூரான முள் நிற்கும். காகிதப்பூவில் முள்ளும் பூங்கொத்தும் ஒரே உறுப்பின் இரு வடிவங்கள். நீரும், யூரியா தரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்தால் அது முள்ளாகிறது. பகல் பொழுது குறுகும்போதும் மண் காயும்போதும் பூங்கொத்தாகிறது. உங்கள் செடியில் இருக்கும் முட்களை எண்ணிப் பாருங்கள், எத்தனை கொத்துகள் போயின என்று தெரியும்!

முதலில் நீண்ட கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள்; பூ புதுத் தளிரில்தான் வரும். தொட்டி குறைந்தது 6 மணி நேரம் நேர்வெயிலில் நிற்கட்டும். தளிர் ஓரளவு நீண்டதும் தண்ணீரைக் குறையுங்கள். இலை லேசாகத் துவண்ட பிறகு, அடித்துளையில் வழியும் அளவுக்கு ஒரே தடவையாக ஊற்றுங்கள். அடுத்த தண்ணீர் மறுபடி துவண்ட பிறகுதான். இலை கொட்டும் அளவுக்குக் காயப்போடவும் வேண்டாம். சில வாரங்களில் நுனிகளில் நிறம் தெரியும். அப்போது வழக்கமான தண்ணீருக்குத் திரும்பிவிடுங்கள், இல்லையேல் வந்த நிறமும் உதிர்ந்துவிடும். உரம் போட்டே ஆகவேண்டும் என்றால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்ததைக் கொஞ்சமாக இடுங்கள்.

தொட்டியில் வேர் நெருக்கமாக இருப்பது பூப்பதற்கு நல்லதே. தவிர, இதன் வேர் மெல்லியது. மண்கட்டி உடைந்தால் செடி வாடிவிடும்.

விதைக்குக் காத்திருக்க வேண்டாம். ‘மிஸஸ் பட்’ இரண்டு காகிதப்பூ இனங்கள் கலந்து பிறந்த கலப்பினம், மலட்டுச் செடி. கொலம்பியாவின் கார்த்தகேனாவிலிருந்து 1910-இல் டிரினிடாடுக்குக் கொண்டுபோகப்பட்டது. குச்சி வெட்டி நட்டே உலகெங்கும் பரவியது. நீங்களும் கவாத்தில் விழுந்த பென்சில் பருமன் முற்றிய குச்சிகளை 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வையுங்கள். துளிர்த்தவுடன் வேர் பிடித்துவிட்டதென்று பிடுங்கிப் பார்த்துவிடாதீர்கள். குச்சியில் சேமித்திருந்த சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும்.