மண்கோடு தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள்: கறையான் கேள்வி பதில்

சிங்கப்பூர் வீடுகளில் கறையான் பார்க்கும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். இந்த முறை கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் முதல் பதிலையாவது படித்துவிடுங்கள்.

கேள்வி (தெம்பனிஸ், நாலறை வீடு): வணக்கம் அண்ணா. குளியலறைக் கதவுச் சட்டத்தின் ஓரத்தில் மண்ணால் கோடு இழுத்த மாதிரி இருந்தது. என் கணவர் கடையில் கிடைக்கும் பூச்சிமருந்து டின்னை வாங்கி அடித்தார், துடைத்தும் விட்டோம். இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. இப்போது சமையலறை அலமாரிக்குள் அதே கோடு. மறுபடி அடிக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. நீங்கள் பார்த்த கோடு கறையான் வந்துபோகும் பாதை. அதற்கு மெல்லிய உடம்பு, வெறும் காற்றில் சீக்கிரம் உலர்ந்துவிடும். அதனால் மண்ணையும் எச்சிலையும் குழைத்து மூடுபாதை கட்டி, அதற்குள்ளேயே நடக்கிறது. இங்கே வீட்டு மரங்களைத் தின்பது பெரும்பாலும் காப்டோடெர்மஸ் ஜெஸ்ட்ராய் என்ற மண்கறையான். ஒரு கூட்டத்தில் லட்சக்கணக்கில் இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் அடித்ததில் செத்தது அந்த நேரம் பாதையில் இருந்தவை மட்டும். மற்றவை அந்த வழியைக் கைவிட்டு வேறு வழி கட்டிக்கொண்டன. இரண்டு வாரம் அமைதியாக இருந்ததே, அந்த நாள்களில் அவை சுவருக்குள் இடம் மாறிக்கொண்டிருந்திருக்கும்.

இப்போது அலமாரியில் தெரியும் கோட்டைத் தொடாமல் விடுங்கள். அந்த இடம்தான் உங்களுக்கு மருந்து. உயிரோடு தின்றுகொண்டிருக்கும் இடத்தில்தான் இரைப்பெட்டி, அதாவது மருந்து கலந்த தீனி உள்ள மூடிய பெட்டி, வைக்க முடியும். பாதை கலைந்துவிட்டால் நாங்கள் வந்தும் பெட்டி ஒட்ட இடம் தேட வேண்டும். படம் எடுத்து வையுங்கள். உயிர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும் என்றால், பல்குத்தும் குச்சியால் கோட்டில் அரிசியளவு ஓர் இடத்தை மட்டும் பெயர்த்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் சிப்பாய்கள் வரும். மஞ்சள் கலந்த பழுப்புத் தலை, முன்பக்கம் கூம்பிக் கண்ணீர்த் துளி வடிவில் இருக்கும். சீண்டினால் நெற்றியிலிருந்து பால்போல வெள்ளைத் துளி கசியும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், காப்டோடெர்மஸ்தான். பிறகு வேலைக்காரக் கறையான்கள் வந்து அந்த ஓட்டையை அடைக்கும்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். குளியலறைக் கதவு, அடுத்தது சமையலறை அலமாரி என்றால் இரண்டுக்கும் பொதுவானது தண்ணீர். தொட்டிக்குக் கீழே வளைகுழாய் சொட்டுகிறதா, கதவுச் சட்டத்தின் அடிப்பக்கம் ஊறிப்போயிருக்கிறதா? மண்கறையானுக்கு மரம் மட்டும் போதாது, ஈரம் வேண்டும். கசிவை அப்படியே விட்டுவிட்டுக் கறையானை மட்டும் கொன்றால் அடுத்த கூட்டத்துக்கு இடம் தயாராக இருக்கும்.

கேள்வி (பொங்கோல்): 14வது மாடி வீடு. சுற்றிலும் கான்கிரீட். கறையான் மண்ணிலிருந்துதானே வரும்? எப்படி இவ்வளவு உயரம் ஏறும்?

பதில்: கான்கிரீட்டை அது தின்னாது, ஆனால் கான்கிரீட்டில் உள்ள இடைவெளி போதும். குழாய்கள் மேலேறும் துளைகள், மின்கம்பிக் குழாய்கள், இரண்டு கட்டடப் பகுதிகள் சேரும் இணைப்பு எல்லாமே அதற்கு மாடிப்படி. மண்ணைத் தொடாமலும் வாழும். சுவருக்குள் ஓயாத கசிவு இருந்தால், ஈசலாகப் பறந்து வந்த ஒரு சோடி அங்கேயே குடித்தனம் தொடங்கி, மரத்தூளும் எச்சமும் சேர்த்து அட்டைபோன்ற கூடு கட்டிவிடும். அதனால் மேல்மாடியில் கறையான் கண்டால் மேல்வீட்டுக் கசிவையும் விசாரியுங்கள். கீழ்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை, அவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

கேள்வி (ஈசூன்): மழை விட்ட சாயங்காலம் ஜன்னலோரம் சிறகுகள் குவிந்து கிடக்கின்றன. கறையானா, எறும்பா?

பதில்: சிறகை எடுத்துப் பாருங்கள். நான்கும் ஒரே நீளமாக இருந்தால் ஈசல், அதாவது சிறகு முளைத்த கறையான். பறக்கும் எறும்புக்கு முன்சிறகு நீளம், பின்சிறகு குட்டை. இடுப்பும் ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பும் மடங்கியிருக்கும். ஜன்னல் திறந்திருந்து, விளக்கைப் பார்த்து வெளியிலிருந்து வந்தவை என்றால் கூட்டித் தள்ளிவிட்டு அந்தி நேரத்தில் ஜன்னலை மூடி வையுங்கள், அவ்வளவுதான். ஆனால் மூடிய அறையில், கதவுச் சட்டத்திலிருந்தோ தரையோர மரப்பட்டியிலிருந்தோ வெளியே வருவதைப் பார்த்தால் உள்ளே ஒரு கூடு முற்றிப்போய்விட்டது என்று பொருள். அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): காரைக்குடியிலிருந்து வாங்கிவந்த பழைய பூசை மாடம். அடியில் தினமும் மணல்போல் ஏதோ கொட்டிக்கிடக்கிறது. மண்கோடு எதுவும் இல்லை.

பதில்: அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள் ஐயா. கரகரவென்று, கசகசா அளவில், உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆறு பக்கம் தெரிந்தால் அது உலர்மரக் கறையானின் எச்சம். மாவுபோல் வழவழத்தால் வண்டு. இரண்டுமே மரத்துக்குள்ளேயே வாழ்பவை, மண்ணும் ஈரமும் தேவையில்லை. அதனால் இரைப்பெட்டி இதற்கு உதவாது. துளைகளில் மருந்து ஏற்றலாம். வேலைப்பாடு நிறைந்த கனத்த மரமென்றால் புகையூட்டும் நிறுவனத்திடம் அனுப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் ஊசிமருந்து எட்டாத அறைகள் மரத்துக்குள் எப்போதும் இருக்கும். அதுவரை மாடத்தை மற்ற மரச்சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். சேமிப்பறையில் கொலுப் படிகள் இருந்தால் அவற்றையும் வெளியே எடுத்துத் தட்டிப் பாருங்கள்.

கேள்வி (செராங்கூன் கார்டன்ஸ், தரைவீடு): ஒரு நிறுவனம் தரையைத் துளைத்து மருந்து இறக்கச் சொல்கிறது. இன்னொன்று இரைப்பெட்டி போதும் என்கிறது. விலையில் பெரிய வித்தியாசம். எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மையான முறைகள்தான், வேலை வேறு.

மண்மருந்து என்பது வேலி. சுவரோரமாகச் சுமார் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டு, தரைக்கு அடியில் உள்ள மண்ணில் மருந்தைச் செலுத்துவார்கள். எந்த மருந்து என்று பெயர் கேளுங்கள். பைஃபென்த்ரின் வகை கறையானை விரட்டும். ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்றவற்றைக் கறையான் உணராது. நடந்து போய், உடம்பில் பூசிக்கொண்டு, மற்றவற்றையும் தொட்டுக் கடத்திவிட்டுச் சாகும். வீட்டுக்குள் ஏற்கெனவே கறையான் இருந்தால் நான் இரண்டாவது வகையைத்தான் கேட்பேன். இந்த வேலி அறுந்துபோகவும் கூடும். பிறகு குழாய் போடத் தோண்டினாலோ, சுவரை ஒட்டிப் புதுமண் கொட்டிச் செடி வைத்தாலோ மருந்தில்லாத மண் வழியாக அவை உள்ளே வரும்.

இரை என்பது கூட்டத்தையே அழிக்கும் முறை. ஹெக்ஸாஃப்ளூமுரான், குளோர்ஃப்ளூஅசுரான் போன்ற மருந்து கலந்த மரநார்த் தீனியை வேலைக்காரக் கறையான்கள் தின்று, வாய்க்கு வாய் ஊட்டிப் பரப்பும். உடனே ஒன்றும் ஆகாது. தோலுரிக்கும் பருவம் வரும்போது புதுத்தோல் உருவாகாமல் சாகும். ராணியும் சிப்பாயும் தாமாகத் தின்னத் தெரியாதவை. ஊட்ட ஆளில்லாமல் அவையும் போகும். இதற்குப் பல வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும்.

உங்கள் வீட்டுக்கு என் கருத்து: இப்போது மரத்தில் உயிரோடு இருந்தால் முதலில் இரை. கூட்டம் ஒழிந்த பிறகு, தோட்டத்துப் பக்கம் மண்மருந்தோ கண்காணிப்புப் பெட்டிகளோ. தோட்டத்தில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை இருந்தால் தோண்டி எடுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் உத்தரவாதம் என்று எழுதியிருந்தால், மறுபடி வந்தால் மருந்து மட்டும் இலவசமா, கெட்டுப்போன மரத்துக்கும் பொறுப்பா என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனம் தேசியச் சுற்றுப்புற வாரியத்தில் பதிவு பெற்றதா என்றும் பாருங்கள். வந்து டார்ச்சும் ஸ்குரூடிரைவரும் எடுக்காமல், அறை அறையாகத் தட்டிப் பார்க்காமல் விலை சொல்பவரை நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

கேள்வி (பல பேர்): கைக்குழந்தை, பூனை, மீன்தொட்டி உள்ள வீடு. மருந்து ஆபத்தா?

பதில்: இரைப்பெட்டியில் பயம் மிகக் குறைவு, மூடிய பெட்டிக்குள் சிறிதளவே மருந்து. மண்மருந்து, தெளிப்பு என்றால் கவனம் வேண்டும். மீனுக்கு இவை மிகவும் நஞ்சு. தொட்டியை மூடி, காற்றுப் பம்பை நிறுத்துங்கள், முடிந்தால் வேறு அறைக்கு மாற்றுங்கள். பெர்மெத்ரின் பூனைக்கு ஆகாது என்பதையும் வேலையாளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துளைகளை அடைத்து, தரை நன்றாகக் காய்ந்த பிறகே குழந்தையைத் தவழ விடுங்கள்.

கேள்வி: வேப்பெண்ணெய், உப்பு, மண்ணெண்ணெய்?

பதில்: மண்ணெண்ணெயை வீட்டு மரத்தில் ஊற்றவே ஊற்றாதீர்கள், தீ ஆபத்து. மற்றவை மேலே இருப்பதை விரட்டும், கூட்டைத் தொடாது. போரிக் உப்புக் கரைசல் மட்டும் உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் சாயம் பூசாத புதுமரத்தில் ஊற வைக்க வேண்டும்.

கேள்வி (தெங்கா, புது வீடு): சாவி வாங்கப்போகிறோம். அலங்கார வேலைக்காரரிடம் என்ன சொல்லி வைக்கலாம்?

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள் தம்பி. அலமாரிகளுக்கு அடிப்பலகை தரையில் உட்காராமல் கல் மேடையோ உலோகக் காலோ வைக்கச் சொல்லுங்கள். தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரி அலுமினியமாக இருந்தால் மிக நல்லது. குழாய்களை மரப்பெட்டி போட்டு நிரந்தரமாக மூட விடாதீர்கள், திறந்து பார்க்கும் கதவு ஒன்று கட்டாயம் வேண்டும். முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரை ஓடுகளை உடைக்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அனுமதிப்பதில்லை. அதனால் சிலர் மேலேயே இன்னொரு தளம் போடுகிறார்கள். அப்போது கதவுச் சட்டத்தின் அடி தண்ணீரில் நிற்காதபடி பாருங்கள்.

கேள்வி (லிட்டில் இந்தியா, கடைவீடு): மேல்மாடி மரத்தூலங்கள் பற்றிக் கவலை.

பதில்: தூலத்தின் நடுவை விட, அது சுவருக்குள் நுழையும் முனையைத்தான் பார்க்க வேண்டும். மழைநீர் இறங்குவது அங்கே, கண்ணுக்குத் தெரியாததும் அங்கே. பக்கத்துக் கடைவீட்டோடு சுவர் பொது என்பதால் இரு வீட்டாரும் ஒரே நேரத்தில் பார்ப்பதே உருப்படியான வழி. 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. தூலத்தை மாற்றும் முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும், பொறியாளரும் வேண்டும்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): இரைப்பெட்டி வைத்து மூன்று வாரம். உள்ளே இன்னும் ஊர்கிறது. வேலையாள் “பொறுங்கள்” என்கிறார். ஏமாற்றுகிறாரோ?

பதில்: மூன்று வாரத்தில் ஊர்ந்துகொண்டிருப்பது நல்ல செய்திதான் அக்கா, தின்கின்றன. அவர் அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வேலைக்காரக் கறையான்கள் பால்வெள்ளையாக, மந்தமாகத் தெரிகின்றனவா? சிப்பாய்களின் எண்ணிக்கை முன்பைவிட அதிகமாகத் தெரிகிறதா? இரண்டும் மருந்து கூட்டத்தில் இறங்கிவிட்டதற்கான அறிகுறி. தீனி காலியாகியிருந்தால் அவர் நிரப்ப வேண்டும். தீனி அப்படியே இருக்க, கறையானும் காணாமல் போயிருந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள், அவை வேறு பக்கம் நகர்ந்திருக்கலாம். ஊர்வது நின்ற பிறகும் பெட்டியை உடனே கழற்ற விடாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு சோதனைகளில் ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பிறகு கழற்றச் சொல்லுங்கள். நீங்களாகத் திறந்து பார்க்க மட்டும் வேண்டாம்.