விண்கல் பள்ளத்துப் பாறையைப் படித்தால் வேலை கிடைக்குமா?

விண்கல் பள்ளத்துப் பாறையைப் படிக்க மகள் ஆசைப்படுகிறார், ஆனால் உருகிய பாறையில் படிகம் பார்ப்பதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள், ஐயா. அந்தத் தலைப்பில் தனியாக வேலை அறிவிப்பு வராதுதான். வருவது ஜியாலஜிஸ்ட், அதாவது புவியியலாளர் பதவிக்கு. அதற்கு மைக்ராஸ்கோப்பில் பாறையைப் படிக்கத் தெரிய வேண்டும். உங்கள் மகள் ஆசைப்படும் துறை அந்தக் கண்ணைத்தான் பழக்கும்.

மகாராஷ்டிரத்தின் லோனாரையே எடுத்துக்கொள்ளுங்கள். தக்காணப் பசால்ட்டில், அதாவது எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையில், விண்கல் மோதி ஏற்பட்ட, சுமார் 1.8 கி.மீ. அகலப் பள்ளம். செவ்வாயிலும் பசால்ட் நிறைய உண்டு என்பதால் ஆய்வாளர்களுக்கு இது முக்கியமான இடம். மோதலில் உருகிய பாறை சட்டென்று ஆறும்போது, அதிலுள்ள பிளேஜியோகிளேஸ் என்ற கனிமத்தின் படிகம் முழுதாக வளர நேரம் இருக்காது. நடுவில் உள்ளீடற்று, முனைகள் தகைவிலான் குருவியின் வால்போலப் பிளந்து நிற்கும். இதைக் கண்டதும் ‘விண்கல் மோதல்’ என்று எழுதிவிட்டால் மதிப்பெண் போய்விடும். எரிமலைக் குழம்பு வேகமாக ஆறினாலும் இதே வடிவம்தான் வரும்.

விண்கல் மோதலுக்கான சான்றை உருகாமல் தப்பிய துணுக்குகளில் தேட வேண்டும். மத்தியப் பிரதேசத்துத் தாலா பள்ளத்தை எரிமலை வேலை என்று நினைத்தவர்கள் உண்டு. குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துணுக்குகளில், மோதலின் அதிர்ச்சியால் விழுந்திருந்த கோடுகள்தான் வழக்கைத் தீர்த்தன. அவை நேராக, இணையாக, சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் நெருங்கி ஓடும். மலை மடிப்பின் அழுத்தத்தில் வரும் கோடுகள் அகன்று, லேசாக வளைந்திருக்கும்.

மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காகப் பாறையை மெல்லிய சீவலாகத் தேய்ப்பதையும் உங்கள் மகளே கற்கட்டும். பாறைச் சீவல் 0.03 மி.மீ. கனத்துக்கு வர வேண்டும். மைக்ராஸ்கோப்பில் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரு ஒளி வடிகட்டிகளுக்கு நடுவே பார்க்கும்போது பிளேஜியோகிளேஸ் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தடிமன்; சாம்பல்-வெள்ளைக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். மோதலில் உருகிய பாறையில் குமிழ்த் துளைகள் அதிகம். முதலிலேயே எபாக்ஸி என்ற பிசினை ஊட்டாவிட்டால் தேய்க்கும்போது துணுக்குகள் பெயர்ந்து, பார்க்க வேண்டியதே போய்விடும்.

இனி வழி. பி.எஸ்சி. ஜியாலஜி முடிக்கும் ஆண்டில் ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி.க்கு முயலலாம். அடுத்து யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி விஞ்ஞானி தேர்வு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு ஆள் எடுப்பது இதன் வழியாகத்தான். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32. பிஎச்.டி. முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் ஒன்றிரண்டு வாய்ப்புகளே மிஞ்சும். எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே எழுதத் தொடங்கட்டும். ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட்-ஜே.ஆர்.எஃப். தேர்வில் தேறி, அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வகம் (பி.ஆர்.எல்.) போன்ற இடங்களை நோக்கலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். பாறை அறுக்கும் இயந்திரம் ஓடுகிறதா, மைக்ராஸ்கோப் எத்தனை மாணவருக்கு ஒன்று என்று நேரில் போய்க் கேளுங்கள்.