"பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்துச்சுன்னு எழுதும்மா!"

ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு 34 வயது. தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா மருத்துவமனையில் அரசு மருத்துவர். என் அப்பா தபால்காரர். எங்கள் வீட்டில் யாரும் ஒரு கட்சிக் கூட்டத்துக்குக்கூடப் போனதில்லை. ஏழு வருடத்துக்கு முன் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் மாமனார் ஒன்றியச் செயலாளர். கட்சிப் பெயர் வேண்டாமே. கணவர் கான்ட்ராக்ட் வேலை எடுத்துச் செய்கிறார். மாமாவின் கட்சி வேலைகளையும் அவர்தான் பார்க்கிறார். ஐந்து வயதில் ஒரு மகள்.

காலை ஆறு மணிக்கே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். முதியோர் பென்ஷன், பட்டா, காலேஜ் சீட்டு என்று வந்தவர்கள், நான் டூட்டிக்குக் கிளம்பும்போது "டாக்டரம்மா, பிரஷர் மட்டும் பாத்துட்டுப் போங்க" என்று கையை நீட்டுவார்கள். உண்மையில் அது எனக்குப் பிடிக்கும். ஸ்டெதஸ்கோப்போடு என் படத்தை என்னைக் கேட்காமலே கட்சி பிளெக்ஸில் போட்டபோதுதான் முதல் சண்டை வந்தது. அரசு வேலையில் இருப்பவள் கட்சி பேனரில் இருக்கக் கூடாது என்று சொல்லிக் கழற்ற வைத்தேன். ஆஸ்பத்திரியில் கதையே வேறு. இந்த ஊரை நான் பணியிடக் கவுன்சலிங்கில் எடுத்தேன். இன்றுவரை "அவங்களுக்கென்ன, ஆளு இருக்கு" என்றுதான் பேச்சு.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு இரவு டூட்டி. போஸ்டர் ஒட்டும் தகராறில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மேல் முன்பல் பாதியாக உடைந்திருந்தது. மீதித் துண்டைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். கையால் குத்தியதாக அவர் சொன்ன ஆள் எங்கள் வீட்டு டிரைவர். காயங்களைப் பதியும் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) புத்தகத்தில் பார்த்ததை அப்படியே எழுதினேன். பத்து நிமிடத்தில் மாமாவின் போன். "பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்துச்சுன்னு ஒரு வரி சேத்துரும்மா. யாருக்கும் நஷ்டமில்ல."

சாதாரணக் காயமென்றால் 1 ஆண்டு வரை சிறை. பல் உடைந்தால் அது கொடுங்காயம், 7 ஆண்டு வரை போகலாம். அந்த ஒரு வரியின் மதிப்பு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "முடியாது மாமா" என்று போனை வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் "உங்கம்மாகிட்ட உப்பை எடுக்கச் சொல்லு" என்று மகளிடம் சொல்கிறார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். டிரைவரின் மனைவி தினமும் வந்து, நான் கிளம்பும்வரை வாசலில் என்னையே பார்த்தபடி நிற்கிறாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். மாமா கடைசியாகக் கேட்டதுதான் தைக்கிறது. போன வருடம் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. என் போனை யாரும் எடுக்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டேன். அவள் போய்ச் சேருவதற்குள் ரத்தம் தயாராக இருந்தது, பிழைத்தாள். "அன்னைக்கு என் போன் இனிச்சுச்சு, இன்னைக்குக் கசக்குதா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் 0.25 மாத்திரையை நானே போட்டுக்கொள்கிறேன். இப்போது உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வேறு. பெண்களுக்கு ஒதுக்கிய இடமாம். வேலையை விட்டுவிட்டு நீ நில் என்கிறார்கள். "நின்னா அப்பா எல்லாத்தையும் மறந்துருவாரு" என்கிறார் கணவர். என்னதான் செய்வது?

– பெயர் வேண்டாம்


அன்புத் தோழிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இத்தனை பேர் பேசும் கடிதத்தில் உங்கள் கணவர் பேசுவது ஒரே ஒரு வரி, அதுவும் அப்பாவுக்காக. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்களைத் தைக்கும் கேள்வி. அன்று மாமாவின் போன் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தே ஆக வேண்டிய ரத்தத்தைச் சீக்கிரம் கிடைக்கச் செய்தது. அவளுடைய கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை. பல் விஷயத்தில் அவர் கேட்டது நடந்ததையே மாற்ற. இரண்டும் ஒன்றில்லை என்று உங்களுக்கே தெரியும், ஆனாலும் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் மாமா பேசுவது மொய் கணக்கு. அன்று அவர் எழுதினார், நீங்கள் திருப்பி எழுதவில்லை. அவர் ஊரில் அது மானப்பிரச்சினை. ஏழு வருடம் அந்த வீட்டுச் சோறு தின்ற உங்களுக்குள்ளும் அந்தக் கணக்கு பாதி ஏறிவிட்டது.

அதனால் அந்தக் கடனை இல்லையென்று சொல்லாதீர்கள். நேரில் போய், "அன்னைக்கு உங்க போன்லதான் மாமா ஒரு உயிர் பொழச்சுது, அதை மறக்கல. அதுக்கு ஈடா என்னால ஏ.ஆர். புத்தகத்தைத் தர முடியாது" என்று சொல்லுங்கள். சரியென்று உடனே சிரிக்க மாட்டார். ஆனால் மருமகள் நன்றி கெட்டவள் என்ற பேச்சு அங்கே நின்றுபோகும்.

இன்னொன்றையும் சொல்லலாம், இது அரசியல்வாதிக்குப் புரியும். ஒருவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற அரசு ஊழியர் தெரிந்தே தவறாகப் பதிவு செய்தால் 3 ஆண்டு வரை சிறை. அந்த வரி ஏறியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே "நீங்க யாரோட மருமகள்?" என்பதாகத்தான் இருக்கும். டிரைவர் வழக்கு அன்றைக்கே ஒன்றியச் செயலாளர் வழக்காகியிருக்கும். நீங்கள் காப்பாற்றியது அவரையும்தான். எனக்கென்னவோ, இது அவருக்கே தெரியும் என்று தோன்றுகிறது.

இனி இப்படி வீட்டு ஆட்கள் சம்பந்தப்பட்ட கேஸ் வந்தால், உடனே செய்ய வேண்டிய சிகிச்சையைச் செய்யுங்கள். வேறு மருத்துவர் இருந்தால் பதிவை அவரிடம் விடுங்கள். இந்த ஏற்பாட்டைத் தலைமை மருத்துவரிடம் இப்போதே எழுத்தில் கொடுத்து வையுங்கள். "ஆளு இருக்கு" என்பவர்களுக்கும் அந்தக் காகிதமே பதில் சொல்லும். டிரைவரின் மனைவியைக் கண்டு ஒதுங்க வேண்டாம். வழக்கைப் பற்றிப் பேசாமல், சாப்பிட்டாயா என்று கேட்கலாம்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கோபம் எனக்கு. ஒரு நோயாளி மூன்று மாதமாகத் தானே அல்பிரசோலம் வாங்கிப் போட்டுக்கொண்டால் சும்மா விடுவீர்களா? இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், உங்கள் ஊரில் வேண்டாமென்றால் பக்கத்து மாவட்டத்தில். திடீரென்று நிறுத்தவும் கூடாது, அது உங்களுக்குத் தெரியும். நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது. உங்கள் மாமனார் பெயர் அங்கே தேவைப்படாது.

தேர்தலைப் பற்றி. டாக்டர்கள் அரசியலுக்குப் போகக் கூடாதென்று நான் சொல்ல மாட்டேன். முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவராகவே இருந்தவர். ஆனால் 1914-ல் கல்யாணத்துக்குச் சம்மதிக்கும்போதே, தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்துத்தான் கழுத்தை நீட்டினார். உங்களுக்கே ஆசையிருந்தால் நில்லுங்கள், நானே வாழ்த்துவேன். வாசலில் பிரஷர் பார்ப்பது பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஆசை இருக்கவும் கூடும். ஆனால் ஒரு பல்லுக்கு அபராதம் கட்டுவதாக நினைத்து ராஜினாமா எழுத வேண்டாம். நல்ல தூக்கம் திரும்பும்வரை அந்தப் பேச்சை ஒத்திப்போடுங்கள்.

இப்போது கணவர். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அப்பாவின் போனுக்கு "முடியாது" என்று அவர் ஒருமுறையாவது சொல்லியிருப்பாரா என்பதே சந்தேகம். நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அதனால் அவருக்கு உங்கள் மேல் கோபமா, இல்லை கொஞ்சம் பொறாமையா என்று அவரிடமே கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் கேட்காதீர்கள், அங்கே சுவருக்கும் கட்சி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையை உங்கள் அப்பாவிடம் விட்டுவிட்டு, அவருடைய போனையும் அங்கேயே வைத்துவிட்டு, இருவரும் வெளியே போங்கள். "அன்னைக்கு ராத்திரி அந்த போன் உங்களுக்கு வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.