தள்ளிப்போன மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை எப்போது செய்துகொள்வது?

கேள்வி (2021-இல் வந்தது): என் அம்மாவுக்கு வயது 64, சர்க்கரை நோயும் உண்டு. 2021 ஏப்ரலில் நடக்கவேண்டிய முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, கொரோனா இரண்டாம் அலையால் தள்ளிப்போனது. மே மாத இறுதியில் அவருக்கே தொற்று உறுதியாகி, ஆக்சிஜனும் ஸ்டீராய்டு மருந்தும் கொடுக்கப்பட்டுக் குணமடைந்தார். தொற்று உறுதியாகி ஐந்து வாரங்கள் ஆகின்றன. அடுத்த வாரமே அறுவை சிகிச்சைக்கு வரலாம் என்கிறார்கள். வலியால் அம்மா இரவில் தூங்குவதே இல்லை. சம்மதிக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: அம்மாவின் வலி உண்மையானது, ஆனாலும் அடுத்த வாரம் வேண்டாம் என்றே சொல்வேன். 116 நாடுகளில் 1,40,231 நோயாளிகளை ஆராய்ந்து 2021 மார்ச்சில் வெளியான ஆய்வில், தொற்றே வராதவர்களில் அறுவை சிகிச்சைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 1.5 பேர், தொற்று உறுதியாகி ஐந்து, ஆறு வாரங்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் அது 3.6. ஏழு வாரங்கள் கடந்த பிறகே பழைய அளவுக்கு இறங்கியது. அப்போதும் இருமல், மூச்சிரைப்பு போன்ற அறிகுறிகள் தீராதவர்களுக்கு ஆபத்து கூடுதலாகவே இருந்தது. இந்த வாரக் கணக்கை, வீடு திரும்பிய நாளிலிருந்து அல்ல, தொற்று உறுதியான நாளிலிருந்து எண்ணவேண்டும்.

ஆக்சிஜன் தேவைப்பட்டவர் என்பதால், ஏழு வாரம் முடிந்ததும் நுரையீரலையும் இதயத்தையும் மயக்கவியல் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும். அதைவிட நான் கவலைப்படுவது சர்க்கரையைப் பற்றித்தான். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். கட்டுப்படாத சர்க்கரையோடு செயற்கை மூட்டு பொருத்தி, அதைச் சுற்றிச் சீழ் பிடித்துவிட்டால், சில வேளைகளில் பொருத்திய மூட்டையே கழற்றவேண்டி வரும். எனவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்து, எட்டுக்குக் கீழே கொண்டுவந்த பிறகு தேதி குறிப்பதே நல்லது. கொரோனாவும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் தனித்தனியாகவே காலில் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுபவை. அதற்கான தடுப்பு மருந்தைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மருத்துவமனையிடம் தயங்காமல் கேளுங்கள்: கொரோனா நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் வார்டு, ஊழியர், வழி எல்லாம் தனித்தனியா? முழு மயக்கத்துக்குப் பதிலாக முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ய முடியுமா? மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதைத் தவிர்ப்பது அவருடைய நுரையீரலுக்கு நல்லது. இன்னொன்று: குணமான பிறகும் ஆர்டிபிசிஆர் பரிசோதனையில் சில வாரங்களுக்குத் தொற்று காட்டக்கூடும், அதை மட்டும் வைத்து அஞ்சவேண்டாம், அறிகுறிகளையும் நாட்களையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

காத்திருக்கும் நாட்களில், காலை நீட்டி உட்கார்ந்து தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அம்மா தினமும் செய்யட்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் எழுந்து நடக்க அந்த வலுதான் உதவும். சர்க்கரை உள்ளவர்கள் வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவர் எழுதித் தந்ததை மட்டும் கொடுங்கள். இடுப்பெலும்பு முறிவோ, மூட்டில் சீழோ என்றால் இப்படிக் காத்திருக்கச் சொல்லமாட்டேன்.

கேள்வி (2021-இல் வந்தது): இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் கொரோனா தடுப்பூசி போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு வாரமாவது இருக்கட்டும். தடுப்பூசியால் வரும் காய்ச்சலை அறுவை சிகிச்சைப் புண்ணில் ஏற்பட்ட தொற்று என்று குழப்பிக்கொள்ளாமல் இருக்க அது உதவும். வீட்டில் உங்களைக் கவனித்துக்கொள்ளப் போகிறவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும்.